‘சாட்டிஸ்ஃபை’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு பிடிக்கும்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு மொட்டைமாடியில் மாலை ஆறரை மணிக்கு ஆங்கில வகுப்பு நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். சிப்காட்டில் ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு வருபவர்கள், அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள், பேரனோடு போனில் ஆங்கிலம் பேச ஆசைப்படும் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். இவர்களோடு, புதுச்சேரியில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் வருகிறாள். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்புகிறாள்.

ஒருநாள் அவள் வகுப்புக்குள் நுழையும்போதே முகம் சரியில்லை. அறையைக் காலி செய்த வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் கருத்து அட்டையில் ‘சர்வீஸ்: சாட்டிஸ்ஃபாக்டரி’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இவள் பூரித்துப்போய் அதை மேலாளரிடம் நீட்டியிருக்கிறாள். அவர் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அட்டையை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டார்.

“திருப்தி என்றுதானே சார் எழுதியிருக்கிறார்? அதற்கு ஏன் அவர் அப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அகராதியைத் திறந்தால் ‘சாட்டிஸ்ஃபை: திருப்திப்படுத்து’ என்றுதான் போட்டிருக்கிறது. தமிழில் திருப்தி என்பது பெரிய சொல். கல்யாண வீட்டுக்காரர் கைகூப்பி, “திருப்தியாகச் சாப்பிட்டீர்களா?” என்று கேட்கும்போது அதில் வயிறும் இருக்கிறது, மனமும் இருக்கிறது, உறவும் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் அவ்வளவு பிடிக்காது. ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ என்று ஒருவர் எழுதினால் அதன் நேரடித் தமிழ் ‘பரவாயில்லை’. குறை சொல்ல ஒன்றுமில்லை, மெச்சிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போகிற பெற்றோர் சற்று நிதானிக்கலாம். ‘நன்று’ என்ற படிக்கு ஒரு படி கீழேதான் அது உட்கார்ந்திருக்கிறது.

ஏன் இப்படி என்பதற்கு அந்தச் சொல் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். லத்தீன் மொழியில் ‘சாடிஸ்’ என்றால் ‘போதும்’. ‘ஃபாகெரெ’ என்றால் ‘செய்’. இரண்டும் சேர்ந்து ‘சாடிஸ்ஃபாகெரெ’, அதாவது போதுமான அளவுக்குச் செய்தல். இதுதான் பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து ‘சாட்டிஸ்ஃபை’ ஆனது. மகிழ்ச்சி என்ற பொருள் வேரில் எங்கும் இல்லை. முன்பே ஓர் அளவு போடப்பட்டிருக்கிறது. அந்தக் கோடு வரைக்கும் நிரப்பிவிட்டாய் என்பதுதான் செய்தி. கோட்டுக்கு மேலே வழிந்ததா என்று இந்தச் சொல் கேட்பதில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லின் உறவுக்காரர் ஒருவரைத் தெரிந்திருக்கும். பிரெஞ்சில் ‘ஆஸே’ என்றால் ‘போதும், போதுமான’ என்று பொருள். பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகள் முதல் சில மாதங்களிலேயே கற்றுக்கொள்ளும் சொல். அதுவும் இதே ‘சாடிஸ்’ வேரிலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் சொத்தைக் குறிக்கும் ‘அசெட்’ என்ற சொல்லுக்கும் மூலம் அதே. இங்கிலாந்தின் பழைய நீதிமன்றப் பிரெஞ்சில், இறந்தவர் விட்டுப்போன உடைமை அவர் கடன்களை அடைக்கப் போதுமா என்று பார்ப்பார்கள். ‘போதும்’ என்ற அந்தச் சொல்லே நாளடைவில் உடைமைக்குப் பெயராகிவிட்டது. கடனுக்குப் போதுமானதுதான் சொத்து! நம்மில் பலருக்கு இந்த இலக்கணம் இன்றும் பொருந்தும்.

இன்னொரு வேடிக்கை. சோகம் என்று நாம் படிக்கிற ‘சாட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் தூரத்து உறவுதான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘நிறைந்த, தெவிட்டிய’ என்று பொருள். தெவிட்டினால் அலுப்பு, அலுத்தால் பாரம், பாரம் கூடினால் சோகம் என்று அது நகர்ந்திருக்கிறது. மூன்றாவது முறை பாயசம் வாங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பந்தியையே எடுத்துக்கொள்வோம். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு வருகிறார். நீங்கள் இலைக்கு மேலே உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறீர்கள். அந்தக் கைதான் ‘சாடிஸ்’. அந்தக் கை நீள்கிற நேரம்வரை அவர் செய்த வேலைதான் ‘சாட்டிஸ்ஃபை’. வீட்டுக்காரரின் “திருப்தியாகச் சாப்பிட்டீர்களா?” என்ற கேள்வியை அப்படியே ஆங்கிலமாக்க முயன்று, ‘டிட் யூ ஈட் சாட்டிஸ்ஃபைட்லி?’ என்று என் மாணவர்கள் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் அப்படிக் கேட்கும் வழக்கம் கிடையாது. ‘டிட் யூ ஹாவ் இனஃப்?’ என்றுதான் கேட்பார்கள். இனஃப் என்றால் போதும். சுற்றிக்கொண்டு வேருக்கே வந்துவிட்டோம், கவனித்தீர்களா?

சரி, திருப்திப்படுத்து என்ற ஒற்றைப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பத்திரிகையோ அரசு அறிவிக்கையோ படித்தால் நான்காவது வரியிலேயே தடுக்கும். பசியைச் சாட்டிஸ்ஃபை செய்கிறார்கள், ஆவலைச் செய்கிறார்கள், நிபந்தனையைச் செய்கிறார்கள், கடனைச் செய்கிறார்கள், நீதிபதியைக்கூடச் செய்கிறார்கள். நிபந்தனை எப்படித் திருப்தியடையும்? இதற்குத் தமிழிலேயே ஒரு சாவி இருக்கிறது. அதை நான் கண்டுபிடிக்கவில்லை, அந்தத் தபால்காரர்தான் ஒருநாள் எதேச்சையாகச் சொன்னார்: “அட, நம் ‘தீர்’தானே சார் இது.”

உண்மைதான். பசி தீர்ந்தது, தாகம் தீர்ந்தது, ஆசை தீர்ந்தது, ஆவல் தீர்ந்தது, கடன் தீர்ந்தது. ஐந்து இடத்திலும் ஆங்கிலம் சாட்டிஸ்ஃபை என்ற ஒரே சொல்லைப் போட முடியும். ஐந்திலும் ஒரு குறை இருந்தது, அது அடைபட்டது. யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்பது வேறு கதை. ‘திருப்திப்படுத்து’ என்று மனப்பாடம் செய்தவர்கள் அதன் பக்கத்தில் ‘தீர்’ என்று இன்னொரு சொல்லையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதித் தடுமாற்றம் நின்றுவிடும்.

பசியில் தொடங்குவோம். நம் மாவட்டத்தில் இதற்கு வடலூரைவிட நல்ல உதாரணம் ஏது? வள்ளலார் 1867இல் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ‘தி கிச்சன் அட் வடலூர் ஹாஸ் சாட்டிஸ்ஃபைடு தி ஹங்கர் ஆஃப் விசிட்டர்ஸ் சின்ஸ் 1867’ என்று எழுதினால் சரியான ஆங்கிலம். பசியாற்றிவருகிறது என்று பொருள். ஆனால் ஒரு எச்சரிக்கை: இது எழுத்துநடை. சாப்பிட்டுவிட்டு எழும்போது ‘மை ஹங்கர் இஸ் சாட்டிஸ்ஃபைடு’ என்று யாராவது சொன்னால் மேடை நாடகம்போல் இருக்கும். பேச்சில் ‘ஐ ஆம் ஃபுல்’ போதும்.

அடுத்து கடன். இங்கே சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தச் சொல்லின் உள்ளே இருக்கும் பழைய எலும்பு இதுதான். லத்தீனில் சாடிஸ்ஃபாகெரெ என்பது கடன் கொடுத்தவனுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பித்தல் என்ற பொருளில் புழங்கியது. அந்த மணம் இன்றும் நீதிமன்றத்தில் வீசுகிறது. கொடுக்கல் வாங்கல் வழக்கில் தீர்ப்பு வந்து, நிறைவேற்று மனு போட்டு, ஒருவழியாகத் தோற்றவர் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால், ‘ஃபுல் சாட்டிஸ்ஃபாக்‌ஷன் ரெக்கார்டட்’ என்று குறித்து மனுவை முடித்துவைப்பார்கள். கட்டியவர் மனைவியின் சங்கிலியை விற்றுக் கட்டியிருப்பார். வாங்கியவர் வட்டி குறைந்துபோனதே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருப்பார். அந்த இருவரில் ஒருவருக்கும் திருப்தி இல்லை. ஆனால் ஏட்டில் முழு சாட்டிஸ்ஃபாக்‌ஷன்! தீர்ப்புக்கடன் முழுவதும் தீர்ந்தது என்பதுதான் அதன் பொருள்.

நிறுவனங்களுக்கும் இதே கதை. ஒரு கம்பெனி தன் சொத்தை ஈடாக வைத்து வங்கியில் கடன் வாங்கினால், அந்த ஈட்டுப் பொறுப்பை (‘சார்ஜ்’) கம்பெனிப் பதிவாளரிடம் பதிய வேண்டும். கடன் அடைந்ததும் அதையும் தெரிவிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 82ஆம் பிரிவில் இதை ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன் ஆஃப் சார்ஜ்’ என்றே அழைக்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது: தரவேண்டியதற்குப் பதிலாக, தனக்குச் சரியென்று படுகிற வேறு ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ எதையும் ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாய்க்குப் பதில் அறுநூறு வாங்கிக்கொண்டு கணக்கை முடிப்பது இந்த வகை. அங்கே அந்தச் சொல்லை ‘ஈடு’ என்று தமிழாக்கினால் பொருந்தும், ‘மனநிறைவு’ என்று போட்டால் சிரிப்பு வரும்.

பணக் கடன் மட்டுமல்ல, மானக் கடனும் உண்டு. ஐரோப்பியக் கனவான்கள் ஒருவரை ஒருவர் அவமதித்துவிட்டால், அவமானப்பட்டவர் ‘ஐ டிமாண்ட் சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ என்பார். எனக்குத் திருப்தி வேண்டும் என்று கெஞ்சுவதாக நினைத்துவிடக் கூடாது. விடியற்காலையில் துப்பாக்கியோடு வா என்று அழைக்கிறார். 1780 ஆகஸ்டில் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவருடைய ஆலோசனைக் குழுவில் இருந்த பிலிப் பிரான்சிஸும் இப்படித்தான் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டார்கள். பிரான்சிஸ் காயத்தோடு தப்பினார்.

கடனுக்கும் நிறைவுக்கும் உள்ள இந்த உறவு ஐரோப்பாவின் தனிச்சொத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆடி அமாவாசையன்று விடியற்காலை தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். எள்ளும் தண்ணீரும் விட்டு முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தர்ப்பணம், திருப்தி இரண்டும் சமஸ்கிருதத்தில் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. திருப்தி என்பது நிறைவு. தர்ப்பணம் என்பது நிறைவடையச் செய்தல். ஆக, ‘சாட்டிஸ்ஃபை’ என்ற வினைக்குச் சொல்லுக்குச் சொல் இணையான ஒன்றை நம் ஊர்க் கடற்கரையில் வருடாவருடம் செய்துகொண்டிருக்கிறோம். அதற்கு நாம் வைத்திருக்கும் இன்னொரு பெயரைப் பாருங்கள்: பிதிர்க்கடன். லத்தீன்காரன் இணைத்த இரண்டையும் நம் பாட்டன்மாரும் இணைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனம் செய்த பிறகு செலுத்தும் பரிகாரத்துக்கும் ஆங்கிலத்தில் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ என்றே பெயர். அங்கும் ஒரு கடன்தான் தீர்கிறது.

இனி நிபந்தனைகள். அரசு வேலை அறிவிக்கைகளில் ‘கேண்டிடேட்ஸ் மஸ்ட் சாட்டிஸ்ஃபை தி எலிஜிபிலிட்டி கண்டிஷன்ஸ்’ என்பதுபோன்ற வரி வரும். தகுதி நிபந்தனைகளைப் பூர்த்தி செய்திருக்க வேண்டும் என்று பொருள். நிபந்தனை என்பது ஒரு கோடு. நீங்கள் அதைத் தொட்டுவிட்டால் சாட்டிஸ்ஃபை செய்துவிட்டீர்கள். கோட்டைப் போடுவது நீங்கள் அல்ல. 1988இல் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் வாக்களிக்கும் வயது நிபந்தனையைச் சாட்டிஸ்ஃபை செய்யவில்லை, ஏனென்றால் அப்போது கோடு 21இல் இருந்தது. அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து கோட்டை 18க்கு இறக்கியது. அந்த இளைஞன் ஒன்றுமே செய்யாமல் ஒரே நாளில் நிபந்தனையைச் சாட்டிஸ்ஃபை செய்துவிட்டான்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நம் ஊர் மண்ணிலேயே கிடக்கிறது. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதுதான் புனித டேவிட் கோட்டை. கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? காணிக் கணக்கு போடவில்லை. கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு. சுட்டார்கள். குண்டு எட்டிய தூரத்துக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இப்போது வாக்கியத்தைப் பாருங்கள்: ‘எவ்ரி வில்லேஜ் வித்தின் தி ரேஞ்ச் ஆஃப் தி கன் சாட்டிஸ்ஃபைடு தி கண்டிஷன்.’ அந்த ஊர்க்காரர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஊர் சாட்டிஸ்ஃபை செய்தது, ஊர்க்காரர்கள் திருப்தியடைந்தார்களா என்பது யாருடைய ஏட்டிலும் ஏறவில்லை. இந்த ஒரு கதையை நினைவில் வைத்தால் ‘சாட்டிஸ்ஃபை ஏ கண்டிஷன்’ மறக்கவே மறக்காது.

கணக்கிலும் இதுதான். ஓர் எண்ணை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஏழு வர வேண்டும் என்பது சமன்பாடு. 3 என்ற எண் அதை ‘சாட்டிஸ்ஃபை’ செய்கிறது, தமிழ்ப் பாடநூல் மொழியில் நிறைவு செய்கிறது. மூன்றுக்கும் சந்தோஷமில்லை, சமன்பாட்டுக்கும் சந்தோஷமில்லை.

அடுத்தது கொஞ்சம் வழுக்கும் இடம். ‘சாட்டிஸ்ஃபைடு’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘தட்’ வந்து, அதன் பிறகு ஒரு முழு வாக்கியம் தொடர்ந்தால் பொருள் பெரும்பாலும் மாறிவிடும். அப்போது அது ‘உறுதிகொண்ட, ஐயம் நீங்கிய’ என்று ஆகிறது. மாநிலங்களில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிசெய்யும் அரசியலமைப்பின் 356ஆவது பிரிவு, ஒரு மாநிலத்தில் அரசியலமைப்பின்படி ஆட்சி நடத்த முடியாத நிலை வந்துவிட்டது என்று குடியரசுத் தலைவர் உறுதிகொள்வதை ‘இஸ் சாட்டிஸ்ஃபைடு தட்’ என்று சொல்கிறது. ஆட்சி கவிழ்ந்ததில் குடியரசுத் தலைவருக்குப் பரம திருப்தி என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும்! புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் அங்கே 356 செல்லாது. அதற்கு 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பிரதேசங்கள் ஆட்சிச் சட்டத்தில் 51ஆவது பிரிவு இருக்கிறது. 2021 பிப்ரவரியில் புதுச்சேரியில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததே, அப்படித்தான் வந்தது. அந்தப் பிரிவிலும் இதே ‘சாட்டிஸ்ஃபைடு’ உட்கார்ந்திருக்கிறது. அங்கும் பொருள் ‘தம் மனத்துக்கு உறுதிப்பட்டால்’ என்பதே.

இதில் அளவு எங்கே என்று கேட்கலாம். இருக்கிறது. ஒருவரை நம்ப வைக்க இவ்வளவு சான்று வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அது நிரம்பிவிட்டால் அவர் சாட்டிஸ்ஃபைடு. ‘ஐ சாட்டிஸ்ஃபைடு மைசெல்ஃப் தட் தி டோர் வாஸ் லாக்ட்’ என்றால், கதவு பூட்டியிருக்கிறது என்பதை இழுத்துப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டேன் என்று அர்த்தம். இரவு மூன்று முறை எழுந்து பூட்டை இழுத்துப் பார்க்கும் என் அம்மாவுக்கு இந்த வாக்கியத்தைக் காணிக்கையாக்குகிறேன்.

இலக்கணத்தில் நம்மவர்கள் தவறும் இடம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் எல்லோரும் தவறுகிறோம். தமிழில் ‘எனக்குத் திருப்தி’ என்கிறோம். திருப்தியடைபவருக்கு ‘கு’ உருபு போட்டுவிட்டால் முடிந்தது. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. அதனால் ‘ஐ சாட்டிஸ்ஃபைடு’ என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திவிடுகிறோம். கேட்கிற ஆங்கிலேயர் காத்திருப்பார்: யாரை? எதை? ஏனென்றால் இது செயப்படுபொருள் குன்றாத வினை. நான் ஒருவரைத் திருப்திப்படுத்தினேன் என்று நீங்கள் சொல்லத் தொடங்கியிருப்பதாக அவர் நினைக்கிறார். நீங்கள் நிறைவடைந்தவர் என்றால் நடுவில் ‘ஆம்’ அல்லது ‘வாஸ்’ வந்தே ஆக வேண்டும்: ‘ஐ ஆம் சாட்டிஸ்ஃபைடு’, ‘ஐ வாஸ் சாட்டிஸ்ஃபைடு’. எதனால் என்று சொல்ல ‘வித்’ போடுங்கள்: ‘ஐ ஆம் சாட்டிஸ்ஃபைடு வித் மை ஜாப்’. ஒரு தேவையை ஒரு பொருள் ஈடுகட்டுகிறது என்னும்போது ‘பை’ வரும், நபருக்குப் பெரும்பாலும் ‘வித்’தான்.

எழுத்துக்கூட்டலில் கடைசியில் இருக்கும் ஒய் என்ற எழுத்து இறந்தகாலத்தில் ஐ ஆகி, அதன்பின் ஈ, டி வரும். ‘சாட்டிஸ்ஃபையிங்’ என்னும்போது ஒய் அப்படியே இருக்கும். அந்த ‘சாட்டிஸ்ஃபையிங்’ என்ற வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிழைப்புக்குத் தேவையான அளவு என்ற வறட்சி இதில் இல்லை. ‘ஏ சாட்டிஸ்ஃபையிங் மீல்’ என்றால் சாப்பிட்ட பின் ஏப்பத்தோடு ஒரு நிம்மதி வருகிறதே, அது. ஆக நம் விருந்தினர் ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ என்று எழுதாமல் ‘சாட்டிஸ்ஃபையிங்’ என்று எழுதியிருந்தால் மேலாளர் அட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார். உச்சரிப்பில் ‘சாட்டிஸ்ஃபை’ என்பதில் முதல் அசைக்கு அழுத்தம்; ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’, ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ இரண்டிலும் ‘ஃபாக்’ என்ற இடத்தில் அழுத்தம்.

எதிர்ச்சொல் இரண்டு உண்டு, இரண்டும் ஒன்றல்ல. ‘டிஸ்சாட்டிஸ்ஃபைடு’ என்பவர் வாங்கிப் பார்த்துவிட்டு மனம் சுளித்தவர். ‘அன்சாட்டிஸ்ஃபைடு’ என்பது பெரும்பாலும் இன்னும் நிரம்பாத தேவைக்கு வரும். பண்ருட்டிப் பலாவுக்குச் சந்தையில் கேட்பவர்கள் அதிகம், வரத்து குறைவு என்றால் அது ‘அன்சாட்டிஸ்ஃபைடு டிமாண்ட்’. வாங்கிய பழம் சொத்தை என்றால் வாங்கியவர் ‘டிஸ்சாட்டிஸ்ஃபைடு’.

அக்கம்பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு சிறு கணக்கு. ‘ப்ளீஸ்’ என்ற வினை மகிழ்விப்பது. அதற்கு அளவுக்கோடு கிடையாது. ‘ஃபுல்ஃபில்’ என்பது கனவு, வாக்குறுதி, கடமை ஆகியவற்றுக்கு; வாக்குறுதியைச் சாட்டிஸ்ஃபை செய்ய முடியாது. ‘மீட்’ என்பது நிபந்தனை, தேவை இரண்டுக்கும் வரும், பேச்சில் அதுதான் எளிது. கெடு தேதிக்கு அது மட்டும்தான் வரும். ‘கன்டென்ட்’ என்ற சொல்தான் சூட்சுமம். வெளியே அளவு எதுவும் இல்லாமல், இருப்பதோடு அமைந்துவிடுகிற மனம் அது. ‘போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து’ என்ற பழமொழியை ஆங்கிலமாக்க என் மாணவர்கள் ஓடிப்போய் ‘சாட்டிஸ்ஃபைடு மைண்ட்’ என்று எழுதுவார்கள். ‘கன்டென்ட்டட் மைண்ட்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சாட்டிஸ்ஃபை செய்ய வெளியிலிருந்து யாராவது, எதையாவது கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

தபால்காரர் கொடுத்த ‘தீர்’ சாவிக்கும் ஓர் எல்லை இருக்கிறது. சந்தேகம் தீர்ந்தது என்பதற்கு நம் ஊர் வகுப்பறை ஆங்கிலத்தில் ‘க்ளியர்’ என்போம். சாட்டிஸ்ஃபை அங்கே இயல்பாக வராது. நோய் தீர்ந்தால் ‘க்யூர்’. வழக்கு தீர்ந்தால் ‘செட்டில்’. வங்கியில் வாங்கிய வண்டிக் கடன் தீர்ந்ததை நண்பரிடம் சொல்லும்போதும் ‘பெய்டு ஆஃப்’ போதும், சாட்டிஸ்ஃபாக்‌ஷனை வக்கீல்களிடம் விட்டுவிடலாம்.

அன்று அந்தப் பெண்ணுக்கு இத்தனையும் சொல்லவில்லை. பரவாயில்லை என்ற ஒரு சொல்லைத்தான் சொன்னேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. “அப்படியென்றால் மேலாளர் கோபப்பட்டது சரிதான் சார்” என்றாள். மறுநாள் முதல் விருந்தினர்களிடம் கேட்பதற்காக ஒரு வாக்கியத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனாள்: ‘ஐ ஹோப் எவ்ரிதிங் வாஸ் டு யுவர் சாட்டிஸ்ஃபாக்‌ஷன்.’ எல்லாம் தங்களுக்குத் திருப்தியாக இருந்தது என்று நம்புகிறேன். கேள்வியாக இல்லாமல் நம்பிக்கையாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் மறுத்துப் பேசத் தயங்குவார் என்பது விடுதித் தொழிலின் சின்ன தந்திரம்.

பயிற்சிக்கு ஐந்து வாக்கியங்கள் தருகிறேன். ஆங்கிலமாக்கிப் பாருங்கள். இந்த வீடு எங்களுக்குத் திருப்தி. அவன் சொன்ன பதில் என் ஆவலைத் தீர்க்கவில்லை. கையெழுத்து அவருடையதுதான் என்று வங்கி நிச்சயப்படுத்திக்கொண்டது. இந்த மனு எல்லா நிபந்தனைகளையும் பூர்த்தி செய்கிறது. பால் தீர்ந்துவிட்டது.

முதல் நான்கிலும் நம் வினைச்சொல் வரும். ஐந்தாவது கண்ணி, அங்கே ‘ரன் அவுட்’ வேண்டும். சிப்காட்டிலிருந்து வரும் தம்பி ஒருவர் ‘தி மில்க் இஸ் சாட்டிஸ்ஃபைடு’ என்று எழுதி நீட்டினார். மாடி முழுக்கச் சிரிப்பு. அன்று எல்லோருக்கும் கடுங்காப்பிதான் கிடைத்தது, ஏனென்றால் கீழே பால் நிஜமாகவே தீர்ந்திருந்தது.